லித்தியம் உலோகத்தின் மீது கரைப்பான்கள் சிதைவதைக் கண்டறிந்து அளக்கும் முறை

மின்கலக் கரைப்பான்களில் லித்தியம் உலோகத்தைத் தொடுபவை ஏறக்குறைய எல்லாமே சிதையும். ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிட லித்தியத்தின் நியம மின்னழுத்தம் −3.04 வோல்ட் ஆகும். மின்கலங்களில் இன்று பயன்படும் கார்பனேட்டுகள், ஈதர்கள் ஆகிய இருவகைக் கரைப்பான்களும் அந்த அழுத்தத்தில் எலக்ட்ரானை ஏற்று ஒடுக்கம் அடைந்துவிடுகின்றன. ஆகவே, ஆய்வைத் தொடங்கும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எவ்வளவு சிதைகிறது, எப்பொருளாகச் சிதைகிறது, அச்சிதைவு எந்தக் கட்டத்தில் அடங்குகிறது. இவற்றுள் முதற்கேள்விக்கு எண்ணால் விடை கிடைக்காத வரையில் மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் விடைகளை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விலையுயர்ந்த நிறமாலைக் கருவியில் தொடங்கி, இழப்புக் கணக்கைக் கடைசியில் போடும் ஆய்வுகள் மிகுந்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970-களில் எக்சான் நிறுவனத்தில் டைட்டானியம் டைசல்பைடையும் லித்தியத்தையும் இணைத்து மின்னேற்றக்கூடிய மின்கலம் செய்த காலத்திலிருந்தே இச்சிக்கல் தொடர்கிறது. லித்தியத்தின் மேல் சிதைவுப்பொருள்களால் ஒரு படலம் உருவாகிறது என்றும், அது அயனிகளை விட்டு எலக்ட்ரான்களைத் தடுக்கிறது என்றும் 1979-இல் இம்மானுவேல் பெலெட் விளக்கினார். ஆய்வகங்களில் எஸ்.இ.ஐ. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இந்த இடைப்படலம் நன்கு அமைந்தால் சிதைவு தானாகவே நின்றுவிடும். கிராஃபைட்டின் மீது அது ஏறக்குறைய நிற்கவும் செய்கிறது, ஏனெனில் லித்தியம் உள்ளே புகும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதமே விரிகிறது. லித்தியம் உலோகத்திலோ ஒவ்வொரு மின்னேற்றத்திலும் புதிய உலோகம் பாசிபோலவும் இழைபோலவும் வளர்ந்து, மின்னிறக்கத்தில் கரைந்து மறைகிறது. படலம் விரிசல் விடுகிறது, புதிய உலோகம் வெளிப்படுகிறது, அதன்மேல் மீண்டும் கரைப்பான் சிதைகிறது. கரைப்பானும் லித்தியமும் சேர்ந்தே தீர்ந்துபோவதற்கு இதுவே காரணம்.

எதை எதிர்பார்க்க வேண்டும்

எந்தக் கரைப்பான் எந்த வழியில் உடையும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்திலீன் கார்பனேட்டை எடுத்துக்கொண்டால், அதன் வளையம் ஓர் எலக்ட்ரானை ஏற்றுத் திறந்து, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட ஒரு தனியுறுப்பாகிறது. அத்தகைய தனியுறுப்புகள் இரண்டு இணையும்போது லித்தியம் எத்திலீன் டைகார்பனேட்டும் ஒரு மூலக்கூறு எத்திலீன் வாயுவும் கிடைக்கலாம். அல்லது வாயு எதுவும் வெளிவராமல் லித்தியம் பியூட்டிலீன் டைகார்பனேட் உருவாகலாம். ஒரே மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களை ஏற்றால் லித்தியம் கார்பனேட்டும் எத்திலீனும் மிஞ்சும்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு. டைகார்பனேட் வழியிலும் கார்பனேட் வழியிலும் ஒரு மூலக்கூறு எத்திலீனுக்கு இரண்டு எலக்ட்ரான்களே செலவாகின்றன. ஆனால் முதல் வழியில் கரைப்பான் மூலக்கூறுகள் இரண்டும், அடுத்த வழியில் ஒன்றும் அழிகின்றன. எனவே வெளிவந்த எத்திலீனையும் செலவான மின்னூட்டத்தையும் மட்டும் ஒப்பிட்டு இவ்விரு வழிகளையும் பிரித்தறிய முடியாது. கரைப்பான் எவ்வளவு குறைந்தது என்பதையோ, படலத்தில் எது உள்ளது என்பதையோ தனியே அளந்தாக வேண்டும். எலக்ட்ரான்கள் செலவாகியும் எத்திலீன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் பியூட்டிலீன் வழியையும், உப்பு அல்லது நீர் ஒடுக்கம் அடைந்திருக்கும் வாய்ப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

புரொப்பிலீன் கார்பனேட் இதே முறையில் உடைந்து புரொப்பிலீன் வாயுவைத் தரும். டைமெத்தில் கார்பனேட் முதலிய நேர்தொடர் கார்பனேட்டுகளிலிருந்து லித்தியம் மெத்தில் கார்பனேட், லித்தியம் மெத்தாக்சைடு ஆகிய திண்மங்களும், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் ஆகிய வாயுக்களும் எதிர்பார்க்கத்தக்கவை. டைமெத்தாக்சிஈத்தேன், டயாக்சோலேன் ஆகிய ஈதர்கள் ஒடுக்கத்தை ஓரளவு தாங்குகின்றன. அவை உடையும்போது லித்தியம் ஆல்காக்சைடுகள் உருவாகின்றன, டயாக்சோலேன் கூடுதலாகக் குறும்பல்லுறுப்பிகளையும் தருகிறது. லித்தியத்தின் மீது ஈதர்கள் நன்றாக நடந்துகொள்வது உண்மையே. ஆனால் சாதாரணச் செறிவில் அவை நேர்மின்வாய்ப் பக்கத்தில் 4 வோல்ட்டைத் தாங்குவதில்லை.

அயனிகளைக் கடத்துவதற்காகக் கரைப்பானில் கரைக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. லித்தியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் கரைசலில் லித்தியம் ஃப்ளூரைடாகவும் பாஸ்பரஸ் பென்டாஃப்ளூரைடாகவும் ஓரளவு பிரிந்தே இருக்கும். பின்னது நீரின் சிறு தடயத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடைத் தருகிறது. அது படலத்திலுள்ள கார்பனேட்டைத் தின்று லித்தியம் ஃப்ளூரைடையும் கார்பன் டைஆக்சைடையும் உண்டாக்குகிறது. ஆகவே, படலத்தில் ஃப்ளூரைடு தென்பட்டவுடன் அது கரைப்பானிலிருந்து வந்தது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

தூய்மையும் தயாரிப்பும்

லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு வினைபுரிந்து நைட்ரைடாவதால், க்ளவ் பாக்ஸில் (கையுறைகள் வழியாக உள்ளே வேலைசெய்யும் மூடிய பெட்டியில்) நிரப்பப்படும் வாயு ஆர்கானாகவே இருக்க வேண்டும். ஆக்சிஜனும் நீராவியும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். கரைப்பானை உப்பு சேர்ப்பதற்கு முன்பே மூலக்கூறு சல்லடையில் உலர்த்தி, கார்ல் ஃபிஷர் முறையில் நீரின் அளவைச் சோதித்து, 20 பிபிஎம்முக்குக் குறைவாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். ஈதர்கள் பெரும்பாலும் பெராக்சைடு உருவாவதைத் தடுக்கும் நிலைநிறுத்திகளோடு விற்கப்படுகின்றன. அந்த நிலைநிறுத்தியும் லித்தியத்தோடு வினைபுரியக்கூடியது என்பதால் புட்டியின் சீட்டைப் படித்த பிறகே வாங்குங்கள். டயாக்சோலேனில் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பைக் கரைக்க வேண்டாம், ஏனெனில் பாஸ்பரஸ் பென்டாஃப்ளூரைடு அதன் வளையத்தைத் திறந்து பல்லுறுப்பியாக்கிவிடும், புட்டியே கூழாகிப்போகும்.

லித்தியம் தகடு கடையிலிருந்து வரும்போதே ஆக்சைடும் கார்பனேட்டும் படிந்த ஒரு மேற்பூச்சோடு வருகிறது. கார்பனேட் கரைப்பானின் சிதைவை ஆராயும் ஒருவர் அந்தப் பழைய கார்பனேட்டை அளந்துவிட்டு அதைச் சிதைவுப்பொருள் என்று எழுத நேரிடும். எனவே மேற்பரப்பைச் சுரண்டி, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே உருட்டித் தட்டையாக்கி, பளபளப்பு மங்குமுன் பயன்படுத்துங்கள். எந்தக் கரைப்பானிலும் நனைக்காத ஒரு தகட்டை எல்லாச் சோதனைகளுக்கும் ஒப்பீட்டு மாதிரியாக எடுத்து வைப்பது கட்டாயம்.

மின்னோட்டம் இல்லாமல் முதற்சோதனை

வேதிவினையையும் மின்வேதிவினையையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது. இரண்டு லித்தியத் தகடுகளுக்கிடையே பிரிப்பானையும் மின்பகுளியையும் (உப்பு கரைத்த கரைப்பானையும்) வைத்து ஒரு சமச்சீர்க் காயின் செல்லை, அதாவது நாணய வடிவச் செல்லை, கட்டி, மின்னோட்டம் எதுவும் செலுத்தாமல், அதன் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை) முதல் நாள் மணிக்கொரு முறையும் பின்னர் நாளுக்கொரு முறையும் அளந்து வாருங்கள். மின்மறுப்பு வரைபடத்தில் படலத்தின் தடையைக் காட்டும் அரைவட்டம் தொடக்கத்தில் வேகமாகப் பெருத்துப் பிறகு அடங்கினால், படலம் உலோகத்தைக் காக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அடங்காமல் வளர்ந்துகொண்டே போனால், ஓய்வு நிலையிலேயே கரைப்பான் தீர்ந்துகொண்டிருக்கிறது. அத்தகைய கரைசலைச் சுழற்சிச் சோதனைக்கு எடுத்துச் செல்வதில் பொருளில்லை.

அடுத்ததாக, லித்தியத்துக்கு எதிரே செம்புத் தகட்டை வைத்து மின்னழுத்தத்தை மிக மெதுவாகக் கீழிறக்குங்கள். லித்தியத்தோடு ஒப்பிட 0.8 வோல்ட்டுக்கு அருகில் எத்திலீன் கார்பனேட்டின் ஒடுக்க முகடு தோன்றும். ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் சேர்த்திருந்தால் அதற்கும் மேலான அழுத்தத்திலேயே அதன் முகடு வந்துவிடும், அதாவது அது முதலில் சிதைந்து மற்றதற்குத் தடுப்பாகிறது. செம்பின் மேலுள்ள ஆக்சைடும் இவ்வழியில் ஒடுங்கி ஒரு முகட்டைத் தரும் என்பதால், செம்பை அமிலத்தில் கழுவி உலர்த்திய பிறகே வையுங்கள்.

இழப்பை அளத்தல்

இனிதான் இவ்வழிகாட்டியின் மையப்பகுதி. செம்பின் மேல் படிய வைத்த லித்தியத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற விகிதமே கூலும் திறன். ஒவ்வொரு சுழற்சியிலும் முழுவதையும் உரித்தெடுக்கும் (மின்னோட்டத்தால் மீண்டும் கரைத்தெடுக்கும்) முறையில் செம்பின் மேற்பரப்பு ஒவ்வொரு முறையும் வெளிப்பட்டு எண்களைக் குலைக்கிறது. அதனால், 2018-இல் ஆடம்சும் உடன் ஆய்வாளர்களும் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிஆம்பியர் மணி லித்தியத்தைச் செம்பின் மேல் படிய வைத்து, 1 வோல்ட் வரை முழுவதும் உரித்துவிடுங்கள். இது செம்பைப் பக்குவப்படுத்துவதற்கு மட்டுமே. பின்னர் மறுபடியும் 5 மில்லிஆம்பியர் மணியைக் கையிருப்பாகப் படிய வைத்து, அதன்மேல் 1 மில்லிஆம்பியர் மணி அளவில் உரித்தலும் படிதலுமாகப் பத்துச் சுழற்சிகள் நடத்துங்கள். மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிஆம்பியர். கடைசியில் எஞ்சியதையெல்லாம் 1 வோல்ட் வரை உரித்து அளந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக, கடைசியில் 4.85 மில்லிஆம்பியர் மணி திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உரித்தெடுத்த மொத்தம் 14.85, படிய வைத்த மொத்தம் 15, எனவே சராசரிக் கூலும் திறன் 99.0 சதவீதம். பார்வைக்கு இது நல்ல எண், ஆனால் 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.37-க்கு அருகில்தான் நிற்கும். கூடுதல் லித்தியக் கையிருப்பு இல்லாத மின்கலம் ஆயிரம் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டுமானால், சராசரித் திறன் 99.978 சதவீதமாக இருக்க வேண்டும். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டாம் இலக்கத்தை நம்பும்படி அளக்கத் தெரியாத கருவியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஒரே கரைசலுக்குக் குறைந்தது மூன்று செல்களையாவது கட்டி, அவற்றிடையேயுள்ள வேறுபாட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

காணாமல் போன லித்தியம் எங்கே

மேற்சொன்ன 0.15 மில்லிஆம்பியர் மணி இழப்பு முழுவதும் கரைப்பான் சிதைந்ததால் வந்தது என்று கருதுவதே இத்துறையில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அது சரியன்று. உரித்தெடுக்கும்போது இழைகளின் அடிப்பகுதி முதலில் கரைந்தால், மேற்பகுதி மின்தொடர்பை இழந்து, உலோகமாகவே படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷெர்லி மெங் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், திறன் குறைந்த மின்பகுளிகளில் இழப்பின் பெரும்பகுதிக்கு இத்தகைய சிக்கிய உலோகமே காரணம் என்று காட்டினர். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது: உரித்து முடித்த செம்புத் தகட்டை ஆர்கான் நிறைந்த மூடிய கலத்தில் வைத்து நீரை விடுங்கள், உலோக லித்தியம் மட்டும் ஹைட்ரஜனைத் தரும், சிதைவுப்பொருள்களிலுள்ள லித்தியம் அயனி தராது. வெளிவந்த ஹைட்ரஜனை வாயு குரோமட்டோகிராஃபியில் அளந்தால் உலோகத்தின் அளவு தெரிந்துவிடும். மொத்த இழப்பிலிருந்து அதைக் கழித்தால் சிதைவுக்குச் செலவான லித்தியம் கிடைக்கும்.

1 மில்லிஆம்பியர் மணி லித்தியத்தின் நிறை 0.259 மில்லிகிராம், அது நீரோடு வினைபுரிந்தால் 18.7 மைக்ரோமோல் ஹைட்ரஜன் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டின் இழப்பு முழுவதும் உலோகமாகவே இருந்தால் 2.8 மைக்ரோமோல், அதாவது 25 பாகை செல்சியசில் சுமார் 0.07 மில்லிலிட்டர் வாயு மட்டுமே வரும். கலத்தில் வாயு நிரம்பும் மேல்வெளி சிறிதாக இருக்க வேண்டும் என்பதும், கசிவுச் சோதனை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும் என்பதும் இவ்வெண்ணிலிருந்தே விளங்கும். படலத்தில் லித்தியம் ஹைட்ரைடு இருந்தால் அதுவும் ஹைட்ரஜனைத் தந்து உலோகத்தின் அளவை மிகைப்படுத்தும். அந்த ஐயம் எழுந்தால் சாதாரண நீருக்குப் பதில் கனநீரை விடுங்கள்: உலோகம் டியூட்டீரிய வாயுவையும், ஹைட்ரைடு ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் சேர்ந்த வாயுவையும் தருவதால், நிறை நிறமாலைமானி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கரைப்பானை மாற்றிக்கொண்டே போவது வீண் உழைப்பாகும். இழப்பு சிக்கிய உலோகத்தால் வந்ததென்றால் படிவின் வடிவத்தையும் செல்லின் மீதான அழுத்தத்தையும் முதலில் சரிசெய்ய வேண்டும். சிதைவால் வந்ததென்றால்தான் கரைப்பானும் உப்பும் முன்னுக்கு வருகின்றன.

வாயுவையும் படலத்தையும் படித்தல்

சுழற்சியின்போதே வாயுவை அளக்க, செல்லின் மேல்வெளியை நிறை நிறமாலைமானியோடு இணைக்கும் அமைப்பு வேண்டும். எத்திலீன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆகிய மூன்றும் 28 என்ற நிறை எண்ணிலேயே தோன்றுவதால் அதை நம்ப வேண்டாம். எத்திலீனை 26-இலும், மீத்தேனை 15-இலும், கார்பன் டைஆக்சைடை 44-இலும் பின்தொடருங்கள். ஹைட்ரஜன் முதல் சில மணி நேரத்தில் மட்டும் வந்து நின்றால் அது எஞ்சியிருந்த நீரிலிருந்து வந்திருக்கும். கார்பன் டைஆக்சைடு குறைவாகத் தெரிவது அது உருவாகவில்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் லித்தியம் அதையும் ஒடுக்கிக் கார்பனேட்டாக்கிக்கொள்ளும். இரண்டு கரைப்பான்கள் கலந்திருக்கும்போது எது உடைந்தது என்று துணிய, ஒன்றை மட்டும் கார்பன்-13 ஐசோடோப்பு ஏற்றியதாக வாங்கிப் பயன்படுத்துவது செலவு மிக்கதாயினும் உறுதியான வழி.

படலத்தின் வேதியியலைப் படிப்பதில்தான் தவறுகள் மிக எளிதில் நுழைகின்றன. லித்தியம் ஆல்கைல் கார்பனேட்டுகள் இருப்பதை 1980-களில் பார்-இலான் பல்கலைக்கழகத்தின் டோரோன் ஆர்பாக் குழுவினர் அகச்சிவப்பு நிறமாலையால் நிறுவினர். அவற்றின் கார்பனைல் பட்டை 1650 செ.மீ⁻¹ என்ற அலை எண்ணின் அருகிலும், உலராது எஞ்சிய எத்திலீன் கார்பனேட்டின் பட்டைகள் 1770 முதல் 1800 வரையிலும் தோன்றும். இரண்டாவது பட்டை வலுவாக இருந்தால் உங்கள் மாதிரி சரியாகக் கழுவப்படவில்லை. ஆனால் கழுவுதலே ஒரு சிக்கலாகிறது: டைமெத்தில் கார்பனேட்டால் கழுவினால் உப்பு போகும், அதோடு படலத்தின் கரையக்கூடிய பகுதியும் போகும். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைக் கழுவியும் மறுபாதியைக் கழுவாமல் வெற்றிடத்தில் உலர்த்தியும் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள்.

காற்றில் ஒரு கணம் வெளிப்பட்டாலும் ஆல்கைல் கார்பனேட் ஈரத்தோடு வினைபுரிந்து, ஆல்கஹாலையும் கார்பன் டைஆக்சைடையும் விட்டு லித்தியம் கார்பனேட்டாக மாறிவிடும். மாதிரியில் நிறைய லித்தியம் கார்பனேட் தென்படும்போதெல்லாம், அது மின்கலத்தில் பிறந்ததா, க்ளவ் பாக்ஸிலிருந்து கருவிக்குக் கொண்டுசெல்லும் வழியில் பிறந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். மாதிரியைக் கொண்டுசெல்லக் காற்றுபுகாத கலம் இல்லாமல் இவ்வளவீட்டைச் செய்ய வேண்டாம்.

எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலை மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தையே காண்கிறது. கார்பனேட்டின் கார்பன் முகடு 290 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகிலும், லித்தியம் ஃப்ளூரைடின் முகடு 685-க்கு அருகிலும் வரும். ஆழத்தைப் பார்க்க ஆர்கான் அயனியால் செதுக்கும்போது அந்த அயனிகளே கரிமப் பொருள்களை உடைக்கின்றன. எக்ஸ் கதிர் நீண்ட நேரம் பட்டால் எஞ்சிய உப்பும் ஃப்ளூரைடாக மாறக்கூடும். எனவே ஒரே இடத்தில் முதல் வருடலையும் கடைசி வருடலையும் ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் அதைக் கருவியின் கணக்கில் எழுதுங்கள். படலத்தின் நுண்ணமைப்பை அது இருந்தபடியே காண, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியே இன்றுள்ள சிறந்த வழி. ஸ்டான்ஃபோர்டில் யி குய் குழுவினர் 2017-இல் அம்முறையால், கரைப்பானுக்கேற்பப் படலம் சிதறிய துகள்களாகவோ ஒழுங்கான அடுக்குகளாகவோ அமைவதைக் காட்டினர்.

கரைசலை மாற்றும்போது

சிதைவே இழப்புக்குக் காரணம் என்று உறுதியான பிறகு, உப்பின் எதிரயனி கரைப்பானுக்கு முன்னால் ஒடுங்கும்படி செய்வதே இதுவரை நல்ல பலன் தந்த உத்தி. டைமெத்தாக்சிஈத்தேனில் லித்தியம் பிஸ்ஃப்ளூரோசல்ஃபோனைல்இமைடு உப்பை 4 மோலார் செறிவில் கரைத்தபோது 99.1 சதவீதம் வரை திறன் கிடைத்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. கரைப்பான் மூலக்கூறிலேயே ஃப்ளூரினைப் பொருத்தி, அதே உப்பை 1 மோலார் செறிவில் மட்டும் கரைத்து, 99.52 சதவீதத்தை எட்டியதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர். ஈதர்களில் லித்தியம் நைட்ரேட்டைச் சிறிதளவு சேர்ப்பதும் உதவும். கார்பனேட்டுகளில் அது சரிவரக் கரையாது. ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் சேர்ப்பவர்கள், அது ஒவ்வொரு சுழற்சியிலும் செலவாகிறது என்பதையும், தீர்ந்ததும் செல் திடீரென்று சரியும் என்பதையும் மனத்தில் கொண்டு, எஞ்சிய அளவை ஃப்ளூரின் அணுக்கரு காந்த ஒத்ததிர்வால் இடையிடையே அளக்க வேண்டும்.

எந்தக் கரைசலாயினும் தாராளமாக ஊற்றிச் சோதிப்பது ஏமாற்றும். 4 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவுள்ள காயின் செல்லில் 75 மைக்ரோலிட்டர் கார்பனேட் மின்பகுளியை விட்டால், அது ஓர் ஆம்பியர் மணிக்கு 20 கிராமுக்கும் மேல்; நடைமுறைப் பை வடிவச் செல்களில் 3 கிராம் அளவே இலக்கு. அதுபோலவே 250 மைக்ரான் தடிமனுள்ள லித்தியத் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 50 மில்லிஆம்பியர் மணி கையிருப்பு உண்டு. அது தீருமுன் எந்த இழப்பும் வெளியில் தெரியாது. இறுதிச் சோதனையை 50 மைக்ரானோ அதற்கும் குறைவோ தடிமனுள்ள தகட்டிலும், அளந்து ஊற்றிய குறைந்த மின்பகுளியிலும் செய்யுங்கள்.

பல சுழற்சி கண்ட லித்தியம் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் புதிய தகட்டைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். செல்லை க்ளவ் பாக்ஸுக்குள்ளேயே திறந்து, எச்சங்களைப் புகைபோக்கி அறையில், ஆர்கான் ஓட்டத்தில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறிது சிறிதாக விட்டு அடக்குங்கள். குமிழ்கள் முழுவதும் நின்ற பிறகே நீரைச் சேர்க்கலாம். தீப்பிடித்தால் நீரோ கார்பன் டைஆக்சைடு அணைப்பானோ உதவாது, மணலும் லித்தியத்தோடு வினைபுரியும். உலோகத் தீக்கென்று செய்யப்பட்ட கிராஃபைட் தூளைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்த பிறகே முதல் செல்லைத் திறக்க வேண்டும்.